மலைப்பிளவும் ஒரு கல் லாரியும்

நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது, கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு திரும்பியது. எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நான் மட்டும் ஸ்கூட்டியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இதேபோல ஒரு லாரியால்தான் என் கொம்பனை இழந்தேன்.

கொம்பன் மாடு இல்லை. போன் விளையாட்டில் நான் வளர்த்த சண்டைப் பூதம். பாறை உடம்பு, ஒற்றைக் கொம்பு. சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்கு வந்து பேக்டரியில் சேர்ந்த முதல் வாரமே, கம்பெனி பஸ்ஸில் அந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. மல்லிகைப்பூவும் டீசலும் கலந்த அந்த பஸ் வாடை எங்காவது வந்தால், இப்போதும் என் கட்டைவிரல் தானாகத் துடிக்கும்.

எனக்குப் பெரிய அடிகள் என்றால் பைத்தியம். ஆனால் பெரிய அடி சும்மா கிடைக்குமா? ஒன்றில் அடித்ததில் கால்வாசி நமக்கே திரும்பும். இன்னொன்றில் எதிரியோடு நம் பூதமும் சாயும். கொம்பனின் 'மலைப்பிளவு' இருக்கிறதே, அப்பப்பா, திரையே குலுங்கும்! அடித்த பிறகு நம் அடுத்த முறை வரும்போது அடிக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். கம்பெனி கேட்டில் போனை ஒப்படைக்க வேண்டும். அதனால் கேட்டில் பஸ் நிற்கும்போது எந்தப் பூதத்துக்கு உயிர் அதிகமோ அதற்கே வெற்றி என்பது எங்கள் பஸ் சட்டம். கேட்டுக்கு முந்தைய வேகத்தடையில் மலைப்பிளவை இறக்கினால், மூச்சு வாங்குவதற்குள் கேட் வந்துவிடும். என் மூளையை நினைத்து நானே பூரித்துப்போவேன்.

பக்கத்து சீட்டு பவித்ரா சங்கரன்கோவில்காரி. தோற்றவள் தன் முதல் பூதத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒருநாள் பந்தயம் கட்டினாள். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. நான் மலைப்பிளவை இறக்கினேன். அவள் பூதத்துக்கு ஒரு நூல் உயிர்தான் மிச்சம். கேட் கண்ணெதிரே தெரிகிறது! அப்போது பஸ் நின்றது. முன்னால் ஒரு கல் லாரி.

"ஸ்வல்ப இரும்மா, லாரி போகட்டும்" என்றார் டிரைவர்.

கொம்பன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. பவித்ரா நிதானமாக அடித்துச் சாய்த்து, பந்தயப்படி கொம்பனை வாங்கிக்கொண்டாள். அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள், எட்டு மாதம் வளர்த்தது.

அதன்பிறகு தினமும் கொம்பனையே என் மேல் ஏவினாள். மலைப்பிளவை அடித்துவிட்டு அது மூச்சு வாங்கி நிற்கும். ஓங்கி ஒரு அடி போட்டால் முடிந்தது. எனக்குக் கை வராது. என் பூதத்துக்கு மருந்து கொடுத்து அந்த முறையைக் கழித்துவிடுவேன். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால், "டவர் போய்ட்ச்சுடி" என்பேன்.

விளையாட்டையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கடைசி நாளும் கொம்பன் மூச்சு வாங்கி நின்றது, நான் மருந்தைத் தொட்டேன். பவித்ரா என் காதருகே குனிந்தாள்.

"நீ அடிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதாம்ளா தெனமும் அதையே போட்டேன்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதற்குள் கேட் வந்துவிட்டது.

விளையாட்டு போயிற்று. ஒப்பந்தம் முடிந்து பவித்ராவும் ஊருக்குப் போய்விட்டாள். நேற்று லாரி வழிவிட்டதும் கேட்டில் போனைக் கொடுத்தேன். அதில் பாதியில் நிறுத்த ஒரு சண்டைகூட இல்லை.