திருத்தணிக்கு நடந்து ஒரகடம் போய்ச் சேர்ந்தோம்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் முழங்காலில் தைலம் தேய்த்தார். ஏசி பஸ்ஸில் தைல வாசனை எங்கே போகும், நேராக என் மூக்குக்குத்தான் வந்தது. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ மஞ்சள் வேட்டி நினைவுக்கு வந்தது.

ஓர் ஆடி மாதம் அந்தத் தைலத்தில் நானும் மோகனாவும் குளிக்காத குறை. கல்யாணமாகி முதல் வருஷம். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, காருக்கு ஒயர் கட்டு செய்கிற லைன். அவள் ஒயர்களைச் சொருகுவாள். நான் இன்ஜினியரிங் படித்த பெருமையோடு லைன் கடைசியில் நின்று, சரியில்லாததைச் சிவப்புத் தொட்டியில் போடுவேன். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. நான் காலை ஷிப்ட் என்றால் அவள் இராத்திரி. வாரம் மாறினால் இருவரும் மாறுவோம், அப்போதும் எதிரெதிராகவே. ஸ்ரீபெரும்புதூர் வாடகை வீட்டில் ஒருவர் எழுந்து கிளம்ப ஒருவர் வந்து படுப்போம். சூடு ஆறாமல் இருந்தது கட்டில் மட்டும்தான்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருந்தபோது மோகனாதான் வழி சொன்னாள். "மாமா, ஒரே ஷிப்ட் கெடைக்கணும்னு வேண்டிகினு திருத்தணிக்கு நடந்தே போலாம். வூட்ல இருந்து மல வரைக்கும் வண்டியே ஏறக்கூடாது. இன்னா சொல்ற?"

"எச்.ஆர்.கிட்ட கேட்டா போதுமே."

"கேட்டியே, இன்னா ஆச்சு?"

எச்.ஆர். "பரிசீலிக்கிறோம்" என்றிருந்தார். முருகன் யாரிடமும் அப்படிச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. வெளிநாட்டு யாத்திரைக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து மடக்குக் குச்சி, முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, விலை கூடின ஷூ எல்லாம் வாங்கினேன். மாலை போட்டால் வெறுங்காலில் நடக்க வேண்டும் என்று அந்த வீடியோக்களில் ஒருவரும் சொல்லவில்லை. மோகனா ஒரு துணிப்பையோடு வந்தாள். கூட்டத்தோடு போனால் ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே. பேசத்தானே போகிறோம்! தனியாகவே நடந்தோம். மஞ்சள் கட்டி மாலை போட்டிருந்ததால் அவள் என்னைச் சாமி என்றாள், நான் அவளைச் சாமி என்றேன். அவ்வளவு மரியாதை எங்களுக்குள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

திருவள்ளூரில் ஒரு மண்டபத்தில் தங்கி, விடியுமுன் கிளம்பி, ஊர் தாண்டியதும் ஒரு பஸ் நிறுத்தத்தில் காலை நீட்டி உட்கார்ந்தோம். எங்கள் கம்பெனிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வருவதுண்டு. கண்ணாடியில் கம்பெனி அட்டையோடு ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. எழுந்தோம், ஏறினோம், சாய்ந்தோம், தூங்கினோம். ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். விடியற்காலையில் பஸ் கதவு திறந்தால் கால் ஏறிவிடும், மூளை கம்பெனி கேட்டில்தான் வந்து சேர்ந்துகொள்ளும்.

டிரைவர் ஏழுமலை அண்ணன்தான் எழுப்பினார். "இன்னா சாமி, திருத்தணின்னு சொல்லிட்டு கம்பெனிக்கே காவடி எடுத்துகினு வந்துட்டீங்களா?"

மோகனா கேட் ஓரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். "வண்டி ஏறிட்டோமே சாமி. போச்சு. இனிமே அவரு எப்டிக் குடுப்பாரு?"

அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தார். கிருத்திகைக்காக லைனில் பாதிப் பேர் லீவு. எங்களைப் பார்த்ததும் அவருக்குத்தான் சாமி தரிசனம் கிடைத்த முகம். "வந்ததே வந்துட்டீங்க, ஒரு ஷிப்ட் ஓட்டிட்டு அதே பஸ்ல போயி எறங்கிக்கோங்க."

மோகனா கண்ணைத் துடைத்தாள். "சாமி, ரெண்டு பேரும் ஒரே ஷிப்ட்!"

மலை ஏறுமுன்பே வரம். பஸ் எங்களைப் பின்னால்தான் கொண்டுவந்திருக்கிறது, அதே இடத்தில் இறங்கிவிட்டால் ஏறினதும் ஏறாததும் ஒன்றுதான் என்று நான் இயற்பியல் பேசினேன். முருகனும் ஒப்புக்கொள்வார் என்று பட்டது.

மஞ்சள் துணிமேல் கம்பெனி கோட்டு. அவள் சொருக, நான் பார்க்க. அவள் முதலில் அனுப்பியதிலேயே ஒரு ஒயர் முழுசாக உட்காரவில்லை. தொட்டியில் போட்டேன். திரும்பிப் பார்த்தாள். அடுத்ததையும் போட்டேன்.

"இன்னா சாமி, வேணும்னே பண்றியா?"

"லாக் சத்தம் வரலையே சாமி."

"ராத்திரி ஷிப்ட்ல பாக்குறவரு எல்லாத்தையும் ஓகே பண்றாரு. உனுக்கு மட்டும் பாம்புக் காதா?"

பக்கத்து லைன் சிரித்தது. கேன்டீனில் முதல்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்தோம். அவள் தயிர்சாதத்தின் முகத்தை மட்டும் பார்த்துச் சாப்பிட்டாள்.

மத்தியானம் அதே நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம். இரண்டு ஊர் தாண்டும்வரை பேச்சே இல்லை. மூன்றாவது ஊர் முனையில், நொண்டிக்கொண்டு வந்த என்னைப் பார்க்காமலே தைலத்தை நீட்டினாள். "அந்த ரெண்டாவது பீஸு ரிஜெக்ட்தான்."

"மொதல் பீஸு?"

"அத்த மலையில பேசிக்கலாம்."

மலை ஏறினோம், கும்பிட்டோம். இறங்கும்போது என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டேன்.

"ஒரே ஷிப்ட் குடு, ஆனா இந்தாள வேற லைன்ல போடுன்னேன்."

முருகன் ஒரு எழுத்துகூட மாற்றாமல் கொடுத்தார். அடுத்த வருஷம் லைன் கடைசியில் பீஸ் பார்க்க என் இடத்தில் ஒரு கேமரா வைத்தார்கள். என்னைப் பகல் ஷிப்டில் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். இராத்திரி ஷிப்டையே எடுத்துவிட்டதில் மோகனாவும் பகலுக்கு வந்தாள். இப்போது ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே நேரத்துக்கு வீடு திரும்புகிறோம், சண்டைக்குத்தான் விஷயம் தேட வேண்டியிருக்கிறது. அவளுடைய பீஸ் சரியில்லையென்றால் கேமரா சிவப்பு விளக்கைப் போடுகிறது. அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுக்கிறாள். கேமராவோடு கோபித்துக்கொண்டு இரண்டு ஊர் நடக்க முடியாது.