டிவியில் தெரிந்த என் முட்டி

நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவள் நான். சரிவில் வழுக்கி முட்டிக்குள் ஜவ்வு கிழிந்த பிறகும், தைலம் தேய்த்துக்கொண்டு மூன்று மாதம் வேலைக்குப் போனேன். வலி தாங்காமல் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் பார்த்து ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், "ஏனுங்க டாக்டர், அந்த ஜவ்வை மொத்தமா வெட்டிப் போட்டுருங்க. நான் வெரசா வேலைக்குப் போகோணும்" என்றேன்.

ஆபரேஷனன்று இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்தது. டாக்டர் முட்டிக்குள் சின்னக் கேமராவை விட்டு, பக்கத்திலிருந்த டிவியைக் காட்டினார்.

"பாருங்கம்மா, உங்க முட்டிக்குள்ளதான்."

இளநீர் வழுக்கை போல வெள்ளை வெளேரென்று, பிறை வடிவில் ஒரு ஜவ்வு. அதன் ஓரம் மட்டும் பிய்ந்து ஆடியது.

"இத்துனூண்டுங்களா?"

"இதுதாம்மா உங்க பாரத்தைத் தாங்குது. கிழிஞ்ச ஓரத்தை மட்டும் எடுக்கிறேன். எடுத்தது திரும்ப வளராது. இது குறையக் குறைய மூட்டு சீக்கிரம் தேய வாய்ப்பு அதிகம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருசமாகத் தலையில் காப்பி மூட்டையோடு என்னை மலையேற்றி இறக்கியது இதுதானா? இதையா வெட்டிப் போடச் சொன்னேன்?

இப்போது தினமும் காலுக்குப் பயிற்சி செய்கிறேன், சரிவில் நிதானமாக இறங்குகிறேன். தேய்மானம் வருமா வராதா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்தாலும் அந்த முட்டியைத் திட்ட எனக்கு வாய் வராது.