மொட்டை ஹாண்டில் சைக்கிளும் எங்கள் நைனாவும்

எங்கள் நைனா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை அந்தச் சைக்கிளோடு சேர்த்துத்தான் அறிவீர்கள். "பிறப்பு, படிப்பு, உத்தியோகம்னு வரிசையா எழுதுக்கா" என்றான் தம்பி. வரிசையாக எழுத எனக்கு வராது. வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

நைனா பிறந்தது ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில். கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆனால் அலையைக் கண்டாலே வாந்தி. இதற்காகக் குப்பமே கேலி செய்ததாம். மீசை முளைக்கும் முன்பே துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலைக்குப் போய்விட்டார். 1940களின் கடைசியில், பெரம்பூர் ரயில் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகளான எங்கள் அம்மாவைக் கைப்பிடித்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சரக்குச் சங்கிலி நழுவி விழுந்து அவருடைய வலது கை நசுங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பெரம்பூர் தாத்தா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். "ஒத்தக் கைய வச்சிகினு இவன் உனக்கு இன்னா சோறு போடுவான்? கெளம்பு" என்று அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவர் பயந்தார், அவ்வளவுதான். ஆனால் நைனாவுக்கு உயிரே போனது போல ஆகிவிட்டது. ஒரு வேலை தேடிக்கொண்டு போய் நின்றால்தான் அம்மா திரும்பி வருவார்.

கப்பல் காகிதங்களைத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஒன்று இருந்தது. அதற்குச் சைக்கிள் ஓட்ட வேண்டும். இரவல் சைக்கிள் வாங்கிப் பழகினார். இருக்கும் ஒரே கையால் பிரேக்கைப் பிடித்தால் ஹாண்டில் திரும்பிக்கொள்ளும், நேரே சாக்கடைதான். அப்போது அவருடைய சிநேகிதர் காயலான் கடை பாய், யுத்தத்துக்கு வந்த சிப்பாய் எவரோ விட்டுப்போன சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். ஹாண்டிலில் ஒன்றுமே இல்லை, மொட்டையாக இருந்தது.

"பிரேக்கு எங்க பாய்?"

"கால்ல கீது தோஸ்து. பெடலப் பின்னால அழுத்து, நின்னுக்கும்."

பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பின்சக்கரத்துக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். கைக்கு வேலையே இல்லை. நைனா அந்தச் சைக்கிளைப் பழகிக்கொண்டார், வேலையும் கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரம்பூருக்குப் போய் நின்றார்.

"கையும் ஒண்ணு, பிரேக்கும் இல்ல. இதுல எம் பொண்ண ஏத்திகினு போவப் போறியா?" என்றார் தாத்தா.

"பிரேக்கு கால்ல கீது மாமா."

தாத்தா நம்பவில்லை. அம்மா துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்துவிட்டார். இருவர் போனால் போலீஸ்காரர் பிடிப்பார் என்பதால் அவர் நிற்கும் முனையில் இறங்கி நடந்து, தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டாராம்.

பேசின் பிரிட்ஜ் பாலத்து இறக்கத்தில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. நைனா பின்னால் மிதித்தார். சைக்கிள் சொன்னபடி நின்றது. வண்டி கடந்து போயிற்று. நைனா மட்டும் அப்படியே நின்றார். வண்டிச் சங்கிலி குலுங்கிய சத்தத்தில் பின்னால் அழுத்திய கால் பெடலை விடவே இல்லை.

"இன்னா நைனா, தூங்கிகினு கீறியா?" என்று பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள்.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. துறைமுகத்தில் போனது கை மட்டுமில்லை. அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து, "ரோடு காலி. வுடுய்யா" என்றார். நைனா மிதித்தார்.

அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அப்படித்தான். கூட்டத்தைக் கண்டால், சங்கிலிச் சத்தம் கேட்டால் நைனா நின்றுவிடுவார். அம்மா பின்னாலிருந்து சொல்வார். நாலு பேர் முன்னால் "வாங்க, போங்க" என்று மரியாதையாகப் பேசும் அம்மாவுக்கு, சைக்கிளில் மட்டும்தான் அந்த "வுடுய்யா" வரும். தனியாகப் போகும்போது என்ன செய்வீர்கள் என்று நைனாவைக் கேட்டேன். "உங்கம்மா சொல்ற மாரி நெனச்சிக்குவேன்" என்றார்.

தம்பி முதன்முதலாகக் கைப்பிரேக் சைக்கிள் வாங்கி வந்தபோது நைனா ஓட்டிப் பார்த்த கதையைக் காசிமேட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். பழக்கதோஷத்தில் பின்னால் மிதித்தார்; பெடல் சும்மா சுற்றியது; நேரே மீன்காரம்மாவின் நண்டுக் கூடையில் போய் விழுந்தார். "யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்றார் அந்த அம்மா. கூடையில் இருந்ததையெல்லாம் நைனாவே வாங்கிக்கொண்டார். அன்று தெரு முழுக்க எங்கள் வீட்டு நண்டுக் குழம்புதான்.

நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன்; அப்புறம் எழுத முடியாது. படுக்கையில் விழுந்த நைனாவைத் தூக்கி உட்காரவைத்த பாயின் மகனுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த டாக்டருக்கும், கடைசி நன்மை என்னும் நற்கருணையைக் கொடுத்த மாதா கோயில் சாமியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அவருடைய கடைசி நாளன்று பிற்பகல், பேச்சு நின்றுபோயிருந்த நைனாவின் வலது குதிகால் மட்டும் போர்வைக்குள் பின்னால் பின்னால் அழுத்திக்கொண்டே இருந்தது. "நரம்பு இழுக்கிறது" என்றார் டாக்டர்.

"இழுப்பு இல்லீங்கய்யா. பிரேக்கு புடிக்கிறாரு" என்றார் அம்மா.

நாங்கள் இத்தனை பேர் சுற்றி நிற்க, அம்மா கட்டிலருகே குனிந்து அவர் முதுகுக்கு அடியில் கையை நுழைத்தார்.

"ரோடு காலி" என்றார். "வுடுய்யா."

குதிகால் தளர்ந்தது. நைனா கிளம்பினார்.