பக்கத்தின் அடியில் இருந்த பெயர்

ஷூ கம்பெனியின் போன் நம்பர் மாறிய அன்று என் தோழி மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆம்பூரில் அந்தச் சின்ன அலுவலகத்தில் நாங்கள் இருவரும்தான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தோம். வெப்சைட்டும் நாங்களே செய்ததுதான். பெண்கள் செருப்பு, ஆண்கள் ஷூ, பெல்ட் என்று எத்தனையோ பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் முகவரியையும் நம்பரையும் தனித்தனியாக அடித்து வைத்திருந்தோம். நம்பர் மாறியதும் எல்லாவற்றையும் திறந்து திருத்தினோம். அப்படியும் ஒரு பக்கம் விட்டுப்போனது. வெளிநாட்டு வியாபாரி ஒருவர் பழைய நம்பருக்கே கூப்பிட்டுச் சலித்துப்போனார்.

“இன்னா பேஜாருடி இது! அடிப்பகுதிய ஒரே எடத்துல வச்சிடலாம். எல்லாப் பக்கமும் அங்கேர்ந்து எடுத்துக்கட்டும்” என்றாள். மாலைக்குள் அதைத் தனி ஃபைலாக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் அதை அழைக்கும் ஒரு வரியை மட்டும் வைத்தாள். சரியாக வருகிறதா என்று பார்க்க, ‘தொடர்புக்கு’ என்று போட்டுத் தன் பெயரை அடித்தாள். எல்லாப் பக்கத்திலும் அவள் பெயர் வந்து நின்றது. முதலாளி எட்டிப் பார்த்து, “இருக்கட்டும்மா, நீதான பேசற” என்றார். உடனே அதைப் போட்டோ எடுத்து, வெப்சைட் லிங்கோடு பேரணாம்பட்டிலிருந்த தன் அம்மாவுக்கு அனுப்பினாள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று லீவு சொன்னவள் திரும்பி வரவேயில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்ததுதான் கடைசி.

அவளைக் கேட்டு போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவரிடமும் நான்தான் சொன்னேன். ஒருநாள் முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், “அவ பேர எடுத்துடும்மா. எத்தினி பேர்கிட்டதான் சொல்லுவ” என்றார்.

எடுத்தேன். ஒரு வரிதான். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன், எங்காவது விட்டுப்போயிருக்காதா என்று. பழையபடி இருந்திருந்தால் ஒன்றையாவது மறந்திருப்பேன். அவள் வேலையில் பிசகே இல்லை. எல்லாவற்றிலிருந்தும் ஒரேயடியாகப் போய்விட்டிருந்தாள்.

சில நாள் கழித்து அவள் அம்மா கூப்பிட்டார்.

“தெனம் காலைல போன்ல அவ பேரப் பாப்பேம்மா. இன்னிக்கி எல்லாப் பக்கமும் பாத்துட்டேன், ஒண்ணுலகூட காணோம். எதனா ரிப்பேரா?”

“ஆமாம்மா” என்றேன்.

“சரி பண்ணிடுவியா கண்ணு?”

இப்போது அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. அவர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.