இடது காதில் புல்லாங்குழல்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். சவரம், குளியல், இட்லி. அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொன்னேன். தினமும் செய்வதுபோல, போனில் புதிதாக வந்த பாட்டுகளைப் பார்த்தேன். சிலி நாட்டுக் குழு ஒன்று ஒரே ஒரு பாட்டு வெளியிட்டிருந்தது. அந்தக் கால கேசட்டின் ஒரு பக்கத்தையே அடைத்துவிடும் நீளம். கேட்காமல் எடுத்து வைத்தேன். எபிக்கு அன்று காது மிஷின் வாங்குகிறோம். இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம் என்று எண்ணம்.

எபி என்கிற எபிநேசர் மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிறவன். என் வயதுதான். நான்கு வருடங்களாகக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பக்கத்தில் நின்று கத்தினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான். அவனும் மனைவி ஸ்டெல்லாவும் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பேருந்தில் வந்து, செங்கல்பட்டில் தூறலில் இறங்கினார்கள். இஸ்திரி போட்ட சட்டை. ஆனாலும் கிட்டே போனதும் அந்த வாசனை வந்தது. கருங்கல்லில் உளி விழும்போது கிளம்புகிற, கருகினது போன்ற வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

எனக்கு அந்த வாசனை வந்தால் பாட்டு ஞாபகம் வரும். உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். என் முதல் வேலை அவன் இருந்த பட்டறையில்தான். வெளிநாட்டுக்குப் போகும் சிலைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைக்கும்போது, எந்தப் பெட்டியில் எந்தச் சாமி என்று எழுதுவேன். இருபத்திரண்டு வயதில் அதைப் பெரிய உத்தியோகமாக நினைத்திருந்தேன். கடற்கரைப் பக்கம் காதர் பாய் ஒரு லாட்ஜ் நடத்தினார். தங்கிப்போன வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற கேசட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். விலை கேட்டோம்.

"டப்புலாம் வேணாம் நைனா, எடுத்துகினு போ. அத்த போட்டா என் வூட்டுக்காரிக்கு மண்டைய இடிக்குது."

எங்களுக்கும் இடித்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. தாளம் நாலில் முடியும் என்று காத்திருந்தால் ஏழில் முடியும். பாடுகிறவன் வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும். எழுத்துகளுக்கு மேல் புள்ளியும் கோடும் போட்ட பெயர்களை வைத்து, இது ஹங்கேரி, இது போலந்து என்று முடிவுகட்டுவோம். தலைப்புகளை நாங்களே சூட்டினோம். ஒன்றுக்கு 'லாரி ரிவர்ஸ்', ஒன்றுக்கு 'செத்த வூட்டு ஆர்கன்'. பட்டறைக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், இதற்கு ப்ராக்ரஸிவ் ராக் என்று பெயர் சொன்னார். எபி வாயெல்லாம் பல்லாக என் பக்கம் திரும்பினான்.

"ராக்குன்னா கல்லுதான மச்சான்? அப்ப நம்ம பாட்டுடா."

இருந்தது ஒரு வாக்மேன், ஒரு இயர்போன். இடது குமிழ் அவன் காதில், வலது என் காதில். சாப்பாட்டு நேரத்தில் புளியமரத்தடியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து கேட்போம். அதில் ஒரு சண்டை வருடக்கணக்கில் ஓடியது. 'லாரி ரிவர்ஸ்' பாட்டில் புல்லாங்குழல் வருகிறது என்பான். வரவே இல்லை என்று நான் என் அம்மாமேல் சத்தியம் செய்தேன். அவனுக்குக் காது கோளாறு என்று பட்டறை முழுக்கச் சொல்லிக் கேலி செய்தேன். செங்கல்பட்டில் வேறு வேலை கிடைத்துப் போய், சொந்தமாக ஒரு இயர்போன் வாங்கி இரண்டு காதிலும் மாட்டியபோதுதான் தெரிந்தது. புல்லாங்குழல் இடது பக்கத்தில் மட்டும் இருந்தது. அத்தனை வருடமும் ஆளுக்குப் பாதிப் பாட்டுத்தான் கேட்டிருக்கிறோம்.

அதற்குள் பட்டறையில் உளிச் சத்தம் குறைந்து அறுக்கும் மிஷின்கள் வந்துவிட்டன. காலை முதல் சாயங்காலம் வரை ஒரே கூச்சல். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்தான். பஞ்சு எதைத் தடுக்கும்? முதலில் கைவிட்டுப்போனவை மெல்லிய சத்தங்கள். புல்லாங்குழல், கொலுசு, குக்கர் விசில். டிவி தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது, இவருக்குத்தான் கேட்கவில்லை என்று ஸ்டெல்லா போனில் அழுதபிறகுதான் காது மிஷின் வாங்க நான் அவனைக் கிளப்பினேன்.

அன்று கடையில் காது மிஷினைப் பொருத்திய பெண் தள்ளி நின்று ஏதோ கேட்டாள். எபி பதில் சொன்னான். ஸ்டெல்லா முதுகுப்பக்கமிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பினான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பேச்சு நன்றாகக் கேட்கும், பாட்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள். நாங்கள் இருவருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சிலி பாட்டை வைத்தேன். தலையைச் சாய்த்துக்கொண்டான். முகம் மலர்ந்தது, சுருங்கியது, பிறகு அசையாமல் நின்றது. பாதியிலேயே மிஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மச்சான், இது பாட்டு இல்லடா. பட்டறை. அதே மிஷினு சத்தந்தான் உள்ள ஓடிகினு கீது."

பழகினால் சரியாகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என் உதட்டைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீ வந்தபிறகு அவனே பேசினான்.

"இவகிட்ட பேசறதுக்கு இது போதும். பாட்ட நீ கேட்டு எய்தி அனுப்பு. டைரி எய்துற கைதான."

லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த ஓட்டல். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. உலகத்துப் பாட்டெல்லாம் கேட்காமலே வீடு தேடி வருகிறது, இரண்டு பக்கமும் முழுசாக. அதில் இல்லாததை இருக்கிறது என்று சாதிக்க எனக்கு ஆளில்லை.

மறுநாள் எழுந்ததும் மோட்டார்கூடப் போடவில்லை. சிலி பாட்டைத் தொடக்கத்திலிருந்து வைத்து, எபிக்கு ஒரு வரி தட்டி அனுப்பினேன். முதலில் மணி மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்று. உடனே பதில் வந்தது.

"இன்னா மணி? சர்ச்சு மணியா, ஐஸ் வண்டி மணியா?"

மறுபடி வைத்துக் கேட்டேன். இரண்டும் இல்லை.