இருபது வரை குதிக்க கோலா கெத்தில் போன கதை

என் மகள் யாழினிக்கு ஏழு வயது. வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டாள். எண்ணச் சொன்னால் பத்தோடு நின்றுவிடுவாள். குறைநீக்கல் வகுப்புக்கு மாற்ற என்னிடம் கையெழுத்துக் கேட்டு அவள் பள்ளியிலிருந்து கடிதமே வந்துவிட்டது. கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் பிள்ளைகளைக் குதிக்கவிட்டே கணக்குச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வந்து பார்க்க அங்கே அனுமதி வாங்கினேன். எனக்குப் பினாங்கில் வேலை, ஞாயிறு லீவு. கோலா கெத்தில் இருக்கும் கெடா மாநிலத்தில் வெள்ளி, சனிதான் விடுமுறை; ஞாயிறு பள்ளி உண்டு. அதனால் போன ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சுங்கை பட்டாணியில் காலை 7.10க்கு வாடகைக் காடி (டாக்சிதான்) பிடித்தோம், கட்டணம் முப்பத்தைந்து வெள்ளி. இருபத்தாறு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம்! கைப்பேசி மேப் எங்களைச் செம்பனைத் தோட்டத்துக்குள் தள்ளி, ஒரே செம்மண் சாலையில் மூன்று முறை சுற்றவிட்டது.

“அக்கா, இத நம்பினா எல்லை தாண்டி சியாமுக்கே போயிருவோம்லா,” என்றார் ஓட்டுநர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போய்ச் சேர்ந்தால், வாசலில் சந்தனம், குங்குமம், எனக்கு மாலை வேறு. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் கைகட்டி, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் வரைந்த எண் கட்டங்களின் மேல் எனக்கு நாற்காலி.

“இன்னைக்கு குதிக்க வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க வந்திருக்கீங்களே,” என்றார் தலைமையாசிரியர், பெருமையாக.

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அதைப் பார்க்கத்தானே ஐயா வந்தேன்! நாற்பது நிமிட வரவேற்புரை. நடுவில் நெளிந்த யாழினியை நானே நான்கு முறை “உட்காரு” என்று அதட்டினேன்.

உரை முடிந்ததும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி என் காலடியைக் காட்டி, “ஆன்ட்டி, நீங்க பதினொன்னு மேல உக்காந்திருக்கீங்க,” என்றாள்.

எழுந்து நாற்காலியை நகர்த்தினேன். வகுப்பு டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்தார்; அவர் சங்கடத்தோடு தலையாட்டினார். பிள்ளைகள் கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே வரிசையாகக் குதிக்க, யாழினியும் போய் நின்றாள். பத்தில் வழக்கம்போல நின்றாள். விழுந்துவிடுவாள், உட்காரச் சொல்லலாம் என்று என் வாய் தானாகத் திறந்தது, மூடிக்கொண்டேன். பின்னால் நின்றவர்கள் “பதினொன்னு!” என்று கத்த, குதித்தாள். பிறகு இருபது வரை ஒரே ஓட்டம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் அவள் பள்ளி டீச்சர், அவள் இப்படிக் குதித்து இருபது வரை எண்ணுவதை ஒருமுறை பார்க்கட்டும்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், மேப்பை நம்பாமல் கோலா கெத்தில் கடைத்தெருவில் வழி கேளுங்கள். விருந்தாளியாக வரவில்லை என்று முன்கூட்டியே அடித்துச் சொல்லுங்கள். அப்படியும் நாற்காலி போட்டால், உட்காருமுன் கீழே பாருங்கள். என் பிள்ளையின் பதினொன்றின் மேல் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.