நின்ற பின் வந்த ரத்தம்

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பிறகு என் மனைவி சரோஜாவுக்கு மீண்டும் ரத்தம் பட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில், பொங்கல் முடிந்து ஒரு வாரம். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியன். அதே நிலையில் இருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது பெண் எலிகளின் வேட்கைச் சுழற்சியை (உடல் கருவுறத் தயாராகித் தணியும் முறை, எலிக்கு நான்கைந்து நாள்) ஆராய்ந்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் ஒவ்வொரு எலியின் பிறப்புறுப்பிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்துக் குறித்துவைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறியதில்லை.

சரோஜா காபியை வைத்துவிட்டு நின்றாள்.

“நின்னு போனது திரும்ப வருதுங்க.”

“வயசான எலிக்கும் இப்படித்தான் தாறுமாறாகும். ஹார்மோன். தானா அடங்கிடும்.”

“உங்க எலிக்கு ரத்தம் வருமா?”

“வராது. ஆனா தத்துவம் ஒண்ணுதான்.”

“சரி, எலியே சொன்னப்புறம் நான் யாரு?” சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

தத்துவம் ஒன்றல்ல. ஆண்டுதோறும் நானே நடத்திய பாடம் அது. பெரும்பாலான பாலூட்டிகளில், கரு தங்காவிட்டால் கருப்பையின் உள்சவ்வை உடலே உறிஞ்சிக்கொள்ளும். மனிதர், சில குரங்குகள், சில வௌவால்கள் என வெகு சிலவற்றில்தான் அது ரத்தமாக வெளியேறும். நின்றுபோன பின் வரும் ரத்தமோ சுழற்சியே அல்ல. தெரிந்தும் சொன்னேன். பாடம் எடுக்கும் வேகத்தில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவள் பிறந்த வீட்டில் பெண்கள் மூன்று நாள் ஒதுங்கி உட்காருவார்கள். கல்யாணமான மாதமே அதை நிறுத்தினேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஆனால் அந்த வழக்கத்தில், யாருக்கு எப்போது என்று வீட்டுக்கே தெரிந்திருக்கும். நான் வழக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு விசாரிப்பைக்கூட வைக்கவில்லை.

ஒருநாள் ரயில் நிலையப் படியில் மயங்கி விழுந்தாள். பெண் மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

“எவ்வளவு நாளா?” என்று அவர் என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

“எட்டு மாசம், டாக்டர். நடுவுல பதினோரு நாள்தான் இல்ல,” என்றாள் சரோஜா.

“சார் என்ன பண்றீங்க?”

“காலேஜ்ல ஜுவாலஜி.”

அவர் பேனாவை மூடினார். அதற்கு மேல் கேட்டதையெல்லாம் சரோஜாவிடமே கேட்டார்.

கருப்பைவாய்ப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கான கட்டம் கடந்திருந்தது. ரேடியம் (கதிர்வீச்சால் கட்டியை அழிக்கும் தனிமம்) வைத்தார்கள். மின்சார ரயிலில் எழும்பூர்வரை போய்வருவோம். ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். இரண்டு மாதம் ரத்தம் நின்றது. பிறகு திரும்பியது.

“இனிமே வலி இல்லாம மட்டும் பாத்துக்கலாம்,” என்றார் மருத்துவர்.

அவளால் எழ முடியாதபோது ரத்தம் பட்ட துணிகளை நான் துவைக்கத் தொடங்கினேன். வாளியில் வெந்நீரை ஊற்றப்போனேன்.

“ஐயோ, வெந்நீர் வேணாம். கறை பிடிச்சுக்கும். பச்சத் தண்ணிதான்,” கட்டிலிலிருந்து குரல் வந்தது. “எம்.ஏ. படிச்சவருக்கு இதுகூடத் தெரியல.”

“எம்.எஸ்ஸி.,” என்றேன். சிரித்தாள்.

“எங்க காயப்போடுவ?” என்று கேட்டேன்.

“கொல்லக் கொடியில, பாவாடைக்கு அடியில. நீங்க எலியப் பாக்கக் கிளம்பினப்புறம்.”

அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாள்.

எனக்கு இப்போது எண்பது வயது. நின்ற பின் ஒரு துளி பட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் விவரம் தெரிந்தவன் இருந்தால், அவன் பேச்சைக் கேட்டுத் தாமதிக்காதீர்கள்.

எட்டு மாதம் என்று அவள் சொன்னபோது எனக்கு அது வெறும் எண்ணாக இருந்தது. குழாயடியில் குனிந்து நான்காவது முறை தண்ணீர் மாற்றியும் சிவப்பு போகாதபோதுதான் தெரிந்தது, அது எத்தனை காலைகள் என்று.